கடல் கடந்தோர் கண்ட வாசிப்பு மன்றம்

தென்னமெரிக்காவின் பிரேசில் நாட்டில், ரியோ டி ஜனீரோ நகரத்துப் பழைய வணிகப் பகுதியில், போர்த்துக்கீசிய மொழியின் பெருங்கவிஞர் லூயிஸ் தெ கமோயன்சின் பெயர் தாங்கிய தெரு ஒன்று உண்டு. அத்தெருவில் 30ஆம் எண் கட்டடத்தைப் புறத்தே நின்று காண்போர் அதனைத் தேவாலயம் என்றே முதலில் எண்ணுவர். சிற்ப வேலைப்பாடுகள் செறிந்த கல் முகப்பும், அதில் நிற்கும் உருவச் சிலைகளும் அத்தகைய எண்ணத்தை உண்டாக்கும். உள்ளே நுழைந்தால் சுவர் முழுவதும் அடுக்கடுக்காக உயர்ந்து செல்லும் நூல்கள்; இரும்புச் சட்டத்தில் வண்ணக் கண்ணாடி பதித்த கூரையின் வழியே இறங்கும் வெயில்; அவ்வெயிலில் வாசிப்போர்க்கெனப் போடப்பட்ட மேசைகள். ஏறத்தாழ 3,50,000 நூல்கள் அங்கே உள்ளன. போர்த்துக்கல் நாட்டிற்கு வெளியே அம்மொழி இலக்கியத்திற்கு இதனினும் பெரிய கருவூலம் இல்லை என்பர்.

இம்மாளிகையை எழுப்பியது அரசன்று. பிழைப்புத் தேடிக் கப்பலேறிய போர்த்துக்கீசியர், பெரும்பாலும் வணிகர், தமக்குள் பணம் திரட்டித் தொடங்கிய ஒரு வாசிப்பு மன்றமே நாளடைவில் இவ்வுருவம் பெற்றது. 'கபினெத்தெ பொர்த்துகேஸ் தெ லெய்த்தூரா' என்பது அவர்கள் இட்ட பெயர்; போர்த்துக்கீசிய வாசிப்பறை என்று அதனைத் தமிழில் சொல்லலாம். பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய வட்டத்தார், 1837 முதல் அறுபடாது நடந்துவரும் மற்றொரு வட்டத்தின் கதையை அறிந்துகொள்வது பொருத்தமுடையதே. அக்கதையில் பெருமிதத்திற்குரிய பகுதிகளும் உண்டு. உறுத்தும் பகுதிகளும் உண்டு.

அச்சு மறுக்கப்பட்ட நாடு

இம்மன்றத்தின் தோற்றத்தை உணர வேண்டுமாயின், பிரேசிலில் நூலுக்கு நேர்ந்த கதியை முதலில் அறிதல் வேண்டும். பெத்ரோ ஆல்வாரெஸ் கப்ரால் 1500இல் அக்கரையை அடைந்த நாள்முதல் 1808 வரை, முந்நூறு ஆண்டுகட்கும் மேலாக, அந்நாட்டில் அச்சுக்கூடம் நிலைபெறப் போர்த்துக்கல் அரசு இடந்தரவில்லை. 1747இல் லிஸ்பன் நகரத்து அச்சர் ஒருவர் ரியோவுக்குச் சென்று சில சிறு வெளியீடுகளை அச்சிட்டார். உடனே அரசாணை வந்து அவ்வச்சுக்கூடம் மூடப்பட்டது. நெப்போலியனின் படைக்கு அஞ்சிப் போர்த்துக்கல் அரசவையே கடல் கடந்து ரியோவில் வந்திறங்கிய 1808ஆம் ஆண்டில்தான், மே மாதம் 13ஆம் நாள், அரச அச்சகம் அங்கே நிறுவப்பெற்றது.

தமிழர்க்கு இச்செய்தி வியப்பளிக்கும். இதே போர்த்துக்கீசியர் 1554இல் லிஸ்பனில் தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் அச்சிட்டனர். 1556இல் கோவாவில் அச்சுப்பொறியை இயக்கினர். 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. அதாவது, பிரேசில் மண்ணில் போர்த்துக்கீசிய மொழி நிலையான அச்சகம் ஒன்றைப் பெறுவதற்கு 230 ஆண்டுகட்கு முன்பே, போர்த்துக்கீசியப் பாதிரிமார் வழியாகத் தமிழ் அச்சேறிவிட்டது. ஏடும் எழுத்தும் முன்னரே உடைய மக்களைச் சமயத்தால் கவர வேண்டிய இடத்தில் அச்சு கருவியாயிற்று. கரும்பும் பொன்னும் ஈட்டித்தர வேண்டிய குடியேற்ற நாட்டில் அதே அச்சு ஆபத்தாகத் தோன்றிற்று எனலாம்.

ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ரியோ நகரில் நூல் என்பது பெரும்பாலும் கப்பலில் வரும் சரக்கு. விலை மிகுதி, வாங்குவோர் சிலர். 1872ஆம் ஆண்டின் மக்கட்தொகைக் கணக்கெடுப்பின்போதுகூடப் பிரேசில் மக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் எழுத்தறியாதவராகவே இருந்தனர்.

இருபுறமும் அயலார்

1822இல் பிரேசில் விடுதலை பெற்றது. எனினும் விடுதலையை முழங்கியவர் போர்த்துக்கல் மன்னரின் மகனாகிய பெத்ரோ; கடைத்தெருவும் பெருமளவு போர்த்துக்கீசியர் கையிலேயே இருந்தது. நேற்றுவரை ஆண்டவர்கள் இன்று அரிசியும் உப்பும் விற்பவர்களாய், கடன் கொடுப்பவர்களாய், வீட்டு வாடகை வாங்குபவர்களாய் எதிரே நின்றனர். வெறுப்பு வளர இது போதும். 1831 மார்ச்சு மாதத்தில் ரியோ தெருக்களில் இரு தரப்பினரும் மோதிக்கொண்ட நிகழ்ச்சியை, வீசப்பட்ட புட்டிகளை நினைந்து 'புட்டியடி இரவு' என்று வரலாற்றாசிரியர் வழங்குவர். அடுத்த மாதம் 7ஆம் நாள் பேரரசர் பெத்ரோ முடிதுறந்து ஐரோப்பா சென்றார். பிற நகரங்களிலும் போர்த்துக்கீசியர்க்கு எதிரான கலகங்கள் தொடர்ந்தன.

அக்காலத்தில் அங்குச் சென்ற போர்த்துக்கீசியரில் பெரும்பாலோர் நாட்டின் வடபகுதியாகிய மின்யோ முதலிய மாவட்டங்களைச் சார்ந்த சிற்றூரினர். நிலம் சிறியது, பிள்ளைகள் பலர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவனைக் கப்பலேற்றி, ரியோவில் கடை வைத்திருக்கும் உறவினர்க்கோ ஊரார்க்கோ எழுதிய ஒரு கடிதத்தோடு அனுப்பிவிடுவர். அவன் கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கி, எடை போட்டும் கணக்கெழுதியும் வளர்வான். 'கஷெய்ரோ' என்பது அத்தகைய கடைச் சிப்பந்திக்குப் பெயர். பொருள்வயிற் பிரிந்து சென்றவன் கார்காலத்தில் மீள்வான் என்னும் நம்பிக்கை தமிழ்ப் பாலைத்திணையில் உண்டு. இச்சிறுவர்களுக்கு அந்தத் தவணையும் இல்லை. முதலாளியின் பங்காளியாகி, பிறகு தானே முதலாளியாகி, முதுமையில் ஊர் திரும்பி வெள்ளை மாளிகை கட்டியவர் சிலர். மஞ்சட் காய்ச்சலுக்கு இரையானவர் பலர்.

ஊர் திரும்பியவர்க்கும் பழைய இடம் கிடைக்கவில்லை என்பது கருதத்தக்கது. பிரேசிலில் அவனைக் 'கலேகோ' என்று இழித்துரைத்தனர். அச்சொல் ஸ்பெயின் நாட்டுக் கலீசியரைக் குறிப்பது. பணத்தோடு போர்த்துக்கல் மீண்டால் அங்கே அவனுக்குப் 'பிரசிலெய்ரோ', அதாவது பிரேசில்காரன், என்று பெயர். பணம் உண்டு, பண்பு இல்லை என்று நகையாடப்படும் அப்பிரேசில்காரனைக் கமிலோ கஸ்தெலோ பிராங்கோவின் புதினங்களில் காணலாம். இங்கும் அயலான், அங்கும் அயலான் என்னும் இந்நிலையில், தம்மை மதிப்பிற்குரியவராக நிறுவிக்கொள்ள அக்குடியேறிகள் தேர்ந்த வழி நூல் ஆயிற்று. கடைக்காரனுக்கு எண்ணைத் தவிர எழுத்துத் தெரியாது என்னும் ஏளனத்திற்கு அவர்கள் அளித்த விடை இவ்வாசிப்பு மன்றம்.

நாற்பத்து மூவர்

1837ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள். விடுதலைக்குப் பின் பதினைந்தே ஆண்டுகள் கழிந்திருந்தன. ரியோவின் நேர்தெரு எனப்பட்ட ருவா திரெய்த்தாவில், அந்தோனியோ ஜோசே கொயெல்யோ லௌசாதா என்பாரின் இல்லத்தில் போர்த்துக்கீசியர் நாற்பத்து மூவர் கூடினர். உறுப்பினரின் அறிவை விரிவாக்கவும், நகரில் வாழும் தம் நாட்டவர் உள்ளத்தைப் பண்படுத்தவும் ஒரு நூலகம் அமைப்பதென முடிவு செய்தனர். அவர்களுள் மிகுதியானோர் வணிகர். ஆயின் வணிகர் மட்டுமே இருந்திருப்பின் அது வாணிகக் கழகமாக முடிந்திருக்கவும் கூடும். போர்த்துக்கலில் 1828 முதல் 1834 வரை நடந்த உள்நாட்டுப் போரின் காலத்தில் வல்லாட்சிக்கு அஞ்சி வெளியேறிய தாராளக் கொள்கையினர் சிலரும் அவர்களிடையே இருந்தனர். முதல் தலைவராகிய ஜோசே மார்செலினோ த ரோஷா கப்ரால் அத்தகைய ஏதிலி. பணமுடையார் ஒருபுறமும் கருத்துடையார் ஒருபுறமுமாகச் சேர்ந்த இச்சேர்க்கையே மன்றத்தை நிலைக்கச் செய்தது எனக் கொள்ளலாம்.

அமைப்பு முறை பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்தது. பாரிசில் கட்டணம் பெற்று நூலும் நாளிதழும் வாசிக்கத் தரும் வாசிப்பறைகள் அக்காலத்தில் மலிந்திருந்தன. அங்கே அது தனியார் தொழில். ரியோவில் அதே வடிவத்தை எடுத்துக்கொண்டு பங்குதாரர்களின் கூட்டுடைமையாக மாற்றினர். இலாபம் பங்கிடுவதற்கன்று, நூல் வாங்குவதற்கு. இத்தகைய வாசிப்பறைகளில் மிகுதியாகப் புழங்கியவை புதினங்கள், அதிலும் பிரெஞ்சுப் புதினங்கள் என்பதையும் சொல்லவேண்டும். நிறுவுவோர் உள்ளத்தைப் பண்படுத்த விரும்புவர். கடையடைத்துவிட்டு வரும் இளைஞன் கதை கேட்பான். எல்லா நாட்டு நூலகங்களிலும் இது கண்கூடு. அதனால் குறையொன்றுமில்லை.

வாடகை இடங்களில் இயங்கிய இம்மன்றத்தைக் கண்டு பிற நகரத்தாரும் தமக்கென ஒன்று கண்டனர். 1850இல் ரெசிபே நகரிலும், 1863இல் சல்வதோரிலும் இதே பெயரில் வாசிப்பறைகள் தோன்றின. 1867இல் அமேசான் கழிமுகத்துப் பெலேம் நகரில் போர்த்துக்கீசிய இலக்கியக் கழகம் எழுந்தது. ரியோவிலேயே 1868இல் தோன்றிய போர்த்துக்கீசிய இலக்கியப் பள்ளி, பகலில் உழைப்போர்க்கு இரவு வகுப்புகள் நடத்தியது. நூலைக் கையில் கொடுப்பதற்கு முன் எழுத்தைக் கற்பிக்க வேண்டியோரும் உள்ளனர் என்பதை உணர்ந்த முயற்சி அது.

கவிஞர்களின் வரவு

வணிகர் சபைக்குள் கவிஞர் எவ்வாறு நுழைந்தனர் என்பது இவ்வட்டத்துக் கவிஞர்கட்கு ஆர்வம் ஊட்டும். போர்த்தோ நகரத்து அங்கதக் கவிஞர் பௌஸ்தீனோ சேவியர் தெ நொவாய்ஸ் 1858இல் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்தார். 1862இல் 'ஓ புத்தூரோ', அதாவது 'எதிர்காலம்', என்னும் இலக்கிய இதழைத் தொடங்கி, இரு நாட்டு எழுத்தாளர்களையும் அதில் எழுதச் செய்தார். அவ்விதழில் எழுதிய இளைஞருள் ஒருவர் மஷாதோ தெ அசிஸ். தந்தை வழியில் விடுதலை பெற்ற அடிமைகளின் பேரர். தாய் வழியில் அசோர்சுத் தீவுகளிலிருந்து வந்த போர்த்துக்கீசியக் குடியேறியின் மகன். அச்சகத்தில் வேலை கற்று, கண்ணிற்பட்டதையெல்லாம் வாசித்துத் தாமே வளர்ந்தவர். பள்ளிப்படிப்பு மிகக் குறைந்த அவ்விளைஞர்க்கு இவ்வாசிப்பறையின் அலமாரிகள் பெரிதும் துணை நின்றன. 1869இல் நொவாய்சின் தங்கை கரொலினாவை அவர் மணந்தார். அதே ஆண்டில் நொவாய்ஸ் மறைந்தார். பிற்காலத்தில் பிரேசில் இலக்கியத்தின் தலைமகன் எனப் போற்றப்பட்டவர் அந்த மஷாதோவே.

அலமாரி என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. தமிழர் இன்றும் வழங்கும் அலமாரி, மேசை, சாவி, ஜன்னல் ஆகிய நான்கும் போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள். ஒரு நூலகத்திற்கு வேண்டிய தளவாடம் அனைத்தும் அவற்றிற்குள் அடங்கிவிடுகின்றது!

1880ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் கமோயன்ஸ் மறைந்து முந்நூறாண்டு நிறைவுற்றது. மன்றத்தார் அதனைப் பெருவிழாவாக எடுத்தனர். புதிய கட்டடத்திற்கு அன்று பேரரசர் இரண்டாம் பெத்ரோ அடிக்கல் நாட்டினார். கமோயன்சின் காதலைப் பொருளாகக் கொண்டு மஷாதோ எழுதிய சிறு நாடகம் அரங்கேறியது. வாசிப்பறையின் சார்பில் விழாப் பேருரை ஆற்றியவர் ஜோவக்கிம் நபூக்கோ. போர்த்துக்கீசியர் விழாவில் பிரேசிலியர் பேசுகிறார், அதுவும் போர்த்துக்கலின் தேசியக் கவிஞரைத் தம் கவிஞராகக் கொண்டு பேசுகிறார் என்பதே அரை நூற்றாண்டில் ஏற்பட்ட மாறுதலைக் காட்டும். புட்டி வீசிக்கொண்ட இரு சாராரும் ஒரு கவிஞரின் பெயரால் ஒரே மன்றில் அமர்ந்தனர்.

ஆனால் நபூக்கோ வெறும் நாவலர் அல்லர். அதே 1880இல், செப்டம்பர் 7ஆம் நாள், அடிமைமுறைக்கு எதிரான பிரேசிலியக் கழகத்தை நிறுவியவர் அவர். இங்கேதான் இவ்வரலாற்றின் உறுத்தும் பகுதி தொடங்குகிறது.

முகப்பில் இடம்பெறாதோர்

கட்டடம் ரஃபயேல் த சில்வா இ கஸ்த்ரோ என்னும் போர்த்துக்கீசியக் கட்டடக் கலைஞரின் வரைவு. முகப்புக் கற்களை லிஸ்பனிலேயே செதுக்கிக் கப்பலில் கொணர்ந்தனர். மன்னர் முதலாம் மனுவேல் காலத்துப் பாணியை, அதாவது வாஸ்கோ த காமா கள்ளிக்கோட்டைக்கும் கப்ரால் பிரேசிலுக்கும் வந்த காலத்துச் சிற்பப் பாணியை, நானூறாண்டு கழித்துப் புதுப்பித்தனர். முகப்பில் நால்வர் சிலைகள்: கடற்பயணங்களைத் தூண்டிய இளவரசர் என்றிக்கே, வாஸ்கோ த காமா, கப்ரால், கமோயன்ஸ். மாலுமியர் மூவர், கவிஞர் ஒருவர் என்று சொல்லிவிடலாம், இளவரசர் தாமே தொலைகடல் சென்றவரல்லர் எனினும்.

1887 செப்டம்பர் 10ஆம் நாள் இக்கட்டடத்தைத் திறந்து வைத்தவர் இளவரசி இசபெல். பேரரசர் ஐரோப்பாவில் இருந்தமையால் ஆட்சிப் பொறுப்பு அவர் கையில் இருந்தது. எட்டுத் திங்கள் கழித்து, 1888 மே 13ஆம் நாள், அதே இளவரசியின் கையொப்பத்தால் பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது. ஆக, அம்மாளிகை திறக்கப்பட்ட நாளில் ரியோ நகரம் சட்டப்படி அடிமைகளை உடைய நகரமே. மன்றம் பிறந்த 1837ஆம் ஆண்டின் நிலை இன்னும் கொடிது. அடிமைகளை இறக்குமதி செய்தல் 1831ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டிருந்தும், ஆண்டுதோறும் பல்லாயிரவர் ஆப்பிரிக்காவிலிருந்து கொணரப்பட்டனர். 1850இல் கடுஞ்சட்டம் வந்த பின்னரே அக்கொடுமை அடங்கிற்று. அவ்வாணிகத்தில் போர்த்துக்கீசிய வணிகர் முன்னணியில் நின்றனர். நகரத்து வணிகச் செல்வம் எதுவும் அதனோடு தொடர்பற்றிருத்தல் அரிது; அச்செல்வத்தில் ஒரு துளி நூலாகவும் மாறியிருக்கிறது. முகப்பில் கப்பல் செலுத்தியோர்க்குச் சிலை உண்டு. கப்பலின் அடித்தளத்தில் விலங்கிடப்பட்டு வந்தோர்க்கு இல்லை.

இதனை அக்காலத்து இலக்கியமே கண்டது. கட்டடம் திறந்த மூன்றாம் ஆண்டு, 1890இல், அலுயீசியோ அசெவேதோ 'ஓ கொர்த்தீசோ' என்னும் புதினத்தை வெளியிட்டார்; 'கொர்த்தீசோ' என்பது ஏழைகள் நெருங்கி வாழும் வரிசைக் குடியிருப்பு. அசெவேதோவின் தந்தை போர்த்துக்கல் நாட்டுத் துணைத் தூதர். ஆகவே அவர் எழுதியது வெளியார் பழிப்பன்று. அதில் வரும் ஜொவாவ் ரொமாவ் கடைச் சிப்பந்தியாகத் தொடங்கிச் செல்வனான போர்த்துக்கீசியன். பெர்த்தொலேசா என்னும் அடிமைப் பெண் அவனோடு வாழ்ந்து இரவு பகலாக உழைக்கிறாள். அவளுக்கு விடுதலை வாங்கிவிட்டதாகப் போலிப் பத்திரம் காட்டி அவளது சேமிப்பை அவன் விழுங்குகிறான். உயர்குடிப் பெண்ணை மணக்கும் நாள் நெருங்கியதும் அவளைப் பழைய உடைமையாளரிடமே காட்டிக்கொடுக்கிறான். பிடிக்க ஆட்கள் வந்ததும், மீன் அரிந்துகொண்டிருந்த கத்தியாலேயே அவள் தன்னை மாய்த்துக்கொள்கிறாள். அந்நேரத்தில் வாயிலில் வண்டி ஒன்று வந்து நிற்கிறது. அடிமை ஒழிப்புக் கழகத்தார், அவனைச் சிறப்புறுப்பினராக்கும் சான்றிதழை மரியாதையோடு கொண்டு வந்திருக்கின்றனர். சங்கங்களும் கழகங்களும் யாருக்கு மாலை இடுகின்றன என்பதைப் பற்றி இதனினும் கூர்மையான காட்சி எழுதப்பட்டிருத்தல் அரிது.

கதவு திறந்தது

1889 நவம்பர் 15ஆம் நாள் பிரேசில் குடியரசாயிற்று. பேரரசக் குடும்பம் நாடு கடத்தப்பட்டது. அடிக்கல் நாட்டியவரும் திறந்து வைத்தவரும் இல்லாத நாட்டில் மாளிகை நின்றது. போர்த்துக்கீசியர் மீதான வெறுப்பு மீண்டும் தலைதூக்கிற்று. தீவிரக் குடியரசுவாதிகள் அவர்களை முடியாட்சியின் எச்சமாகக் கண்டனர். 1893இல் மூண்ட கடற்படைக் கலகத்தில் தோற்றோர்க்குப் போர்த்துக்கல் கப்பல்கள் புகலிடம் தந்தமையால், 1894இல் பிரேசில் அரசு போர்த்துக்கலோடு தூதுறவையே முறித்துக்கொண்டது. அடுத்த ஆண்டில்தான் உறவு மீண்டது. 1890ஆம் ஆண்டுக் கணக்கின்படி ரியோ மக்களில் ஐந்தில் ஒரு பங்கினர் போர்த்துக்கல்லில் பிறந்தவர்கள் என்பதை எண்ணினால், அவ்வாண்டுகளின் பதற்றம் விளங்கும்.

அந்நிலையில் ஒரு சிறுபான்மைச் சங்கம் கதவை அடைத்துக்கொண்டு தன்னவரோடு மட்டும் வாழ முற்படுதல் இயல்பு. இம்மன்றம் செய்தது வேறு. 1900ஆம் ஆண்டில் நூலகத்தைப் பொதுமக்கள் அனைவர்க்கும் திறந்துவிட்டது. பங்குப் பணம் வேண்டா. போர்த்துக்கீசியராய் இருத்தலும் வேண்டா. 1837ஆம் ஆண்டின் முடிவைக் காட்டிலும், 1887ஆம் ஆண்டின் மாளிகையைக் காட்டிலும் இவ்வொரு செயலே மன்றத்தின் வாழ்வில் பெரிது என்று கொள்ள இடமுண்டு. அதற்கு முன்பே, 1897இல் மஷாதோவின் தலைமையில் தோன்றிய பிரேசில் இலக்கிய அகாதெமி தனக்கென இல்லமின்றி இருந்த காலத்தில், அதன் சிறப்புக் கூட்டங்கள் சிலவற்றிற்கு இம்மாளிகை இடந்தந்தது. அகாதெமிக்குச் சொந்த இல்லம் 1923இல்தான் வாய்த்தது.

மன்றத்தின் பெயரில் 'அரச' என்னும் அடைமொழி சேர்ந்தது 1906இல். போர்த்துக்கல் மன்னர் முதலாம் கார்லோஸ் வழங்கியது. அவர் 1908இல் சுட்டுக்கொல்லப்பட்டார். 1910இல் போர்த்துக்கல்லும் குடியரசாயிற்று. மன்னர் இல்லாத இரு நாடுகளுக்கிடையே 'அரச' என்னும் பட்டத்தை இன்றும் விடாது தாங்கி நிற்கிறது இந்நூலகம். பெயர்கள் இப்படித்தான், கொடுத்தவர் போன பின்னும் ஒட்டிக்கொள்ளும்.

இக்குடியேறிகள் கண்ட சங்கங்கள் நூலகத்தோடு நிற்கவில்லை. தத்தம் மாவட்டத்தின் பெயரால் பல இல்லங்கள் கண்டு ஆடலும் பாடலும் வளர்த்தனர். அவற்றை விரிக்கின் பெருகும். ஒன்றை மட்டும் விடலாகாது. வாஸ்கோ த காமா இந்தியா வந்த நானூறாம் ஆண்டான 1898இல், அவர் பெயரால் படகுப் போட்டிக் கழகமொன்று ரியோவில் தொடங்கப்பெற்றது. பின்னர் கால்பந்திலும் இறங்கிற்று. 1923இல் கறுப்பின வீரர்களும் ஏழைத் தொழிலாளரும் ஆடிய அக்கழகத்தின் அணி நகரப் போட்டியில் முதலிடம் பெற்றது. மறுஆண்டு, புதிதாக அமைந்த போட்டிக் குழுவினர், அவ்வணியின் பன்னிரு வீரர்களை நீக்கினால்தான் சேர்ப்போம் என்றனர். நீக்கமாட்டோம், நாங்களே விலகிக்கொள்கிறோம் என்று 1924 ஏப்ரல் 7ஆம் நாளிட்ட மடலில் கழகத் தலைவர் மறுமொழி விடுத்தார். கல்வியில் சிறந்த வாசிப்பறையின் முகப்பில் இடம்பெறாதோர்க்குக் கடைக்காரர்களின் பந்தாட்டக் கழகம் இடம் தந்தது. இலக்கியச் சங்கத்தார் சற்று நாணத்தோடு படிக்க வேண்டிய பக்கம் இது.

ஏதிலியர் நிறுவிய மன்றமும் பிந்தைய ஏதிலியரும்

1935இல் போர்த்துக்கல் அரசு ஓர் உரிமையை வழங்கியது. அந்நாட்டில் அச்சாகும் நூல்களின் ஒரு படி, சட்டப்படி வைப்பாக இவ்வாசிப்பறைக்கு அனுப்பப்பட வேண்டும். தாய்நாட்டிற்கு வெளியே உள்ள ஒரு நூலகத்திற்கு இத்தகைய உரிமை கிடைத்தல் அரிது. இன்று மன்றத்தின் செல்வம் இவ்வளவு பெருகியிருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

அதனை வழங்கியது சலசாரின் வல்லாட்சி என்பதையும் மறத்தற்கில்லை. 1933 முதல் 1974 வரை நிலவிய அவ்வாட்சி முறை நூல்களைத் தணிக்கை செய்தது, எழுத்தாளரைச் சிறையிட்டது. பிரேசிலில் இருந்த பழைய போர்த்துக்கீசியச் சங்கங்களின் தலைமை பெரும்பாலும் அவ்வரசோடு இணங்கியே நின்றது. கவிஞரும் திறனாய்வாளருமான கசாய்ஸ் மொந்தெய்ரோ 1954இலும், கவிஞர் ஜோர்ஜ் தெ சேனா 1959இலும் பிரேசிலை அடைந்தனர். அவர்களைப் போன்றோர் எழுதியது பழைய சங்கங்களின் மலர்களில் அன்று. 1956இல் சான் பாவுலோவில் எதிர்ப்பாளர் தொடங்கிய 'மக்களாட்சிப் போர்த்துக்கல்' என்னும் இதழில். வல்லாட்சிக்கு அஞ்சி வந்த ரோஷா கப்ரால் போன்றோர் நிறுவிய மரபில், நூற்றிருபது ஆண்டு கழித்து வந்த அதே வகை ஏதிலியர்க்கு இயல்பான இடம் இல்லாது போயிற்று. சங்கம் முதுமையடைவது இப்படியும் நிகழ்கிறது. 1974 ஏப்ரல் 25ஆம் நாள் புரட்சி அத்தடையை நீக்கியது. நூலகத்தின் ஆய்வு நடுவம் 1969இலும், அதன் ஆய்விதழ் 1976இலும் தொடங்கின. பிரேசில் பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் உழைப்பால் அவை வளர்ந்தன. கப்பலேறி வருவோர் குறைந்துபோன காலத்தில் மன்றத்தைத் தாங்கியவர்கள், ரியோவிலேயே பிறந்த வாசகர்களும் ஆய்வாளர்களுமே.

அலமாரிகளுக்குள்

மன்றத்தின் அருஞ்செல்வங்களுள் மூன்றைக் குறிப்பிட வேண்டும். முதலாவது, கமோயன்சின் 'ஓஸ் லூசியாதாஸ்' காப்பியத்தின் 1572ஆம் ஆண்டு முதற்பதிப்பு. வாஸ்கோ த காமாவின் இந்தியப் பயணத்தைப் பாடும் அக்காப்பியத்தின் பத்தாம் காண்டத்தில் மயிலாப்பூர் வருகிறது. 'மெலியபோர்' என்று அந்நகரைக் கவிஞர் அழைத்து, அங்குத் தோமையார் புரிந்த அருஞ்செயலையும் அவர் உயிர்நீத்ததையும் பல செய்யுட்களில் பாடுகிறார். தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சேறுவதற்கு ஆறாண்டு முன்பே, தமிழ் நிலத்து ஊரொன்று போர்த்துக்கீசியக் காப்பியத்தில் அச்சேறிவிட்டது.

இரண்டாவது, கமிலோ கஸ்தெலோ பிராங்கோ 1861இல் போர்த்தோ நகரச் சிறையில் இருந்தபோது எழுதிய 'அமோர் தெ பெர்திசாவ்' புதினத்தின் கையெழுத்துப் படி. ஊர் திரும்பிய பிரேசில்காரனைத் தம் புதினங்களில் எள்ளி நகையாடியவரின் கையெழுத்தை, அப்பிரேசில்காரர்கள் கண்ட நூலகமே காத்து வருகிறது.

மூன்றாவது, கவிஞர் கொன்சால்வெஸ் தியாஸ் தொகுத்த துப்பி மொழி அகராதியின் கையெழுத்துப் படி. போர்த்துக்கீசிய வணிகருக்கும் கலப்பினத் தாய்க்கும் பிரேசிலின் மரஞ்ஞாவ் மாநிலத்தில் பிறந்த இவர், கல்வி பயிலப் போர்த்துக்கல் சென்று, 1843இல் கோயிம்பிராவில் இருந்தபடி தம் நாட்டை நினைந்து ஏங்கிப் பாடிய கவிதை பிரேசில் பள்ளிச் சிறுவர் அனைவரும் அறிந்தது. போர்த்துக்கீசியர் பிரேசிலில் இருந்து தாய்நாட்டிற்கு ஏங்கிய காலத்தில், எதிர்க்கரையில் இருந்து இவர் ஏங்கினார். அவரது துப்பி அகராதி 1858இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் அச்சாயிற்று. 1864இல் தாயகம் திரும்பும் வழியில், மரஞ்ஞாவ் கரையருகே கப்பலுடைந்து அவர் மாண்டார்.

துப்பி, போர்த்துக்கீசியர் வருமுன் பிரேசிற் கடற்கரையெங்கும் வழங்கிய மொழி. குடியேறிகளும் பாதிரிமாரும்கூட அதன் வழிவந்த பொதுமொழியிலேயே நெடுங்காலம் உரையாடினர். 1757இலும் 1758இலும் போர்த்துக்கல் அரசு வகுத்த விதிகள் அப்பொதுமொழியை விலக்கிப் போர்த்துக்கீசியத்தையே கற்பிக்க ஆணையிட்டன. சரியாக நூறாண்டு கழித்து அச்சேறிய அதன் அகராதிக்குரிய கையெழுத்துத் தாள்கள், போர்த்துக்கீசியர் தம் மொழிக்கென எழுப்பிய மாளிகையில், கமோயன்சின் முதற்பதிப்போடு ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. அம்மாளிகைக்குள் செல்ல இன்றும் கட்டணம் இல்லை.